இடது பக்கம் அச்சடித்தவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கைவினைஞர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி இந்த அவையைக் கலங்க வைத்த ஓவியப் பள்ளி முதல்வர் அவர்களே, மேடையின் ஓரத்தில் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு அமர்ந்திருக்கும் தேர்வுக் குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அவருடைய மகளே, எங்கள் பட்டறையின் தையல்காரரே, நாங்கள் அச்சடித்த சட்டைகளையும் கவுன்களையும் போட்டுக்கொண்டு வந்திருக்கும் வாடிக்கையாளர்களே! ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னால் எனக்குக் கொடுத்த நேரம் அதிலேயே போய்விடும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் அழப்போவதில்லை. அது என் சுபாவம் இல்லை. அக்காவுக்கும் அது பிடிக்காது. ஈரம் காயாத துணியின் அருகே யாராவது கண்ணீரோடு வந்து நின்றால், "கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க, சொட்டிடும்" என்று சொல்கிறவர் அவர். அதனால் நானும் கொஞ்சம் தள்ளி நின்றே பேசுகிறேன்.

ஆனால் புகழ்ந்து பேச மட்டும் நான் இங்கே வரவில்லை. எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்னால், இதே மண்டபத்தில், இதோ இந்த முன்வரிசை நாற்காலிகள் இருக்கும் இடத்தில் போட்டிருந்த மேசையருகே நின்று நான் மூன்று சொற்கள் சொன்னேன். அந்த மூன்று சொற்களும் தவறு. அவை சங்கத்தின் பதிவேட்டில் ஏறி, ஒரு பெரிய கலைஞருடைய கையின் மேல் களங்கமாக நின்றுவிட்டன. அவற்றைத் திரும்பப் பெறாமல் நான் இந்த மைக்கை விடுவதாக இல்லை. தலைவர் மணியடித்தாலும் சரிதான்.

யார் அவர்? அச்சுக் கலைஞர், மரம் செதுக்குபவர், சாயம் கலப்பவர், எங்கள் பட்டறையைத் தொடங்கியவர், அரைநூல் அக்கா. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, "யாருங்க இவங்க? எங்க அக்கா கூட்டம்னுல்ல வந்தோம்" என்று வாசலில் இரண்டு பேர் கேட்டார்கள். அந்த அளவுக்கு அந்தப் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

நூல் என்பது தச்சர் கணக்கு. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அதில் பாதி அரை நூல். கண்ணுக்குத் தெரியுமா அது? உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரியும். "அரை நூல் தள்ளு." "அரை நூல் ஏறியிருக்கு." "அரை நூல் இறக்கு." நாள் முழுவதும் இதே பாட்டுதான். துணிக்கு மட்டுமா? சுவரில் இருக்கும் கடிகாரத்துக்கு, ஜன்னல் திரைக்கு, அடுத்தவர் சட்டைக் காலருக்கு! தன் கல்யாணத்தன்று போட்டோக்காரரையே அரை நூல் நகரச் சொன்னாராம். இதை அவருடைய கணவர் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போதும் சிரிக்கிறார், பாருங்கள்.

நானும் அக்காவும் ஓவியர்கள். ஒரே பள்ளியில் படித்தோம். அவர் எனக்கு மூன்று வருடம் மூத்தவர். படிப்பு முடிந்ததும் வரைந்தோம், கண்காட்சி வைத்தோம், மக்கள் வந்தார்கள், "அருமை" என்றார்கள், தேநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். படங்களை நாங்களே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மூன்றாவது முறை அப்படித் தூக்கிக்கொண்டு போகும்போது, பேருந்து நிறுத்தத்தில் வைத்து அக்கா சொன்னார்:

"சுவத்துல மாட்டத்தானே யோசிக்கிறாங்க? உடம்புல மாட்டிக்கச் சொல்லிப் பாப்போமா?"

அப்படித்தான் தொடங்கியது எங்கள் தொழில். எந்தத் திட்டமும் இல்லை, எந்த ஆலோசனையும் இல்லை. கையில் ஆளுக்கு இரண்டு படம், எதிரே வராத பேருந்து.

மிதிவண்டி பழுது பார்க்கும் கடையின் மாடியில் ஒரு நீள அறை கிடைத்தது. கீழே டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம், மேலே நாங்கள் அச்சு அடிக்கும் சத்தம். அறை நல்ல அறைதான். ஆனால் நடுவில் ஒரு தூண். மேசையைச் சுவர் ஓரமாகப் போட்டால் தூண் சரியாக மேசையின் பாதியில் வந்து நிற்கும். ஆள் ஒருக்களித்துப் போகலாம். சாயத் தட்டு வைத்த தள்ளுவண்டி போகாது. மாடிப்படி குறுகலாக இருந்ததால் மேசையையும் இரண்டாக அறுத்துத்தான் ஏற்றினோம். மேலே கொண்டுபோய் நடுவில் பலகை அடித்துச் சேர்த்தோம். அதன்மேல் பழைய கம்பளிகளைப் பரப்பி, அதன்மேல் துணியை விரித்து ஊசி குத்தினால் வேலைக்குத் தயார்.

இனி அச்சு. மரத்தில் செதுக்கிய அச்சைச் சாயத்தில் தொட்டு, துணிமேல் வைத்து, உள்ளங்கையின் அடியால் ஒரு தட்டு. எடுத்து, பக்கத்திலேயே வைத்து, மறுபடி ஒரு தட்டு. உலகத்தில் அச்சடிக்கிற எல்லோரும் ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் முடிப்பார்கள். அதுதான் முறை. அதுதான் அறிவு. நாங்கள் என்ன செய்தோம்?

முதல் நாள், முதல் துணி. அக்கா செதுக்கிய அச்சு, நான் வரைந்த கொடி, ஒரு அச்சுக்கு ஒரு பூ. முதல் அச்சை யார் வைப்பது? படம் என்னுடையது, நான்தான் வைப்பேன் என்றேன். மரத்தைச் செதுக்கியது நான், நான்தான் வைப்பேன் என்றார் அவர். இரண்டு ஓவியர்களை ஒரு துணியின் முன்னால் நிறுத்தினால் இதுதான் நடக்கும். முக்கால் மணி நேரம் சண்டை. சாயம் தட்டிலேயே ஏடு கட்ட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அக்கா சொன்னார்:

"ஒரே மாதிரி ரெண்டு அச்சு இருக்குல்ல? நீ அந்தப் பக்கத்துல இருந்து வா. நான் இந்தப் பக்கத்துல இருந்து வர்றேன். நடுவுல பாத்துக்கலாம்."

நடுவுல பாத்துக்கலாம்! பத்தொன்பது வருடங்கள் எங்கள் தொழில் அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடியது. அவர் இடது முனை, நான் வலது முனை. ஆளுக்கு இருபத்தாறு அச்சு. தூணுக்கு எதிரே வந்து சந்திப்போம். எங்களுக்குச் சாயம் கொண்டுவருகிறவர் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டு கை எப்படிங்க ஒண்ணா இருக்கும்? நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், இல்ல வெள்ளையா இடம் நிக்கும்" என்றார். சொல்லிவிட்டுப் போகாமல், தோற்பதைப் பார்க்க அங்கேயே நின்றார்.

சேர்ந்தது. ஒரு கொடி விட்ட இடத்தில் இன்னொரு கொடி தொட்டது. அவர் குனிந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், விரலில் சாயத்தை ஒட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் துணியை வெட்டித் தைக்க வந்தவர்தான் இதோ இருக்கும் தையல்காரர். வந்த அன்றே ஒரு நிபந்தனை போட்டார். "எங்க வெட்டினாலும் கொடி ஓடணும். நடுவைத் தவிர்த்து வெட்டுன்னு சொன்னா எனக்கு வேலை ஆகாது." பத்தொன்பது வருடம் அவர் நடுவிலேயே வெட்டியிருக்கிறார். நடு எது என்று உங்கள் யாருடைய சட்டையிலாவது கண்டுபிடிக்க முடியுமா? இப்போதே குனிந்து பார்க்கிறீர்கள். பாருங்கள். கிடைக்காது.

ஏன் சேர்ந்தது? நான் நினைத்தேன், எங்கள் இருவர் கையும் அவ்வளவு சுத்தம் என்று. அப்படித்தான் பலரிடமும் சொன்னேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தவறு நடந்தால் அது யாருடையது என்று கேட்கவே மாட்டார். ஒரு கண்காட்சிக்கு முந்திய நாள், மதிய வேளையில் மழை. யாரோ ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான். புகை பிடித்துவிட்டு மூட மறந்துவிட்டேன். காய வைத்திருந்த துணிகளின் ஒரு மூலை முழுவதும் மழைப் பொட்டு. சாயம் கலங்கிப் புள்ளி புள்ளியாக வெளுத்துவிட்டது. தையல்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா ஒரு மரத்துண்டை எடுத்தார். கால் மணி நேரத்தில் மழைத்துளி அளவுக்கு ஒரு சின்ன அச்சுச் செதுக்கினார். துணி முழுவதும் துளிகளை அடித்தார். "ஒரு மூலையில மட்டும் பெஞ்சா தப்பு. எல்லா இடத்துலயும் பெஞ்சா மழை" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்தத் துணியில் தைத்தவைதான் முதலில் தீர்ந்தன. அப்புறம் ஆறு வருடம் மக்கள் வந்து, "அந்த மழை டிசைன் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மழையே இல்லாமல் மழைப் பொட்டு வைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஜன்னலைத் திறந்தது யார் என்று அவர் கடைசி வரை கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு நாள் ஒரு பெண்மணி எட்டு வருடம் போட்ட சட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "சாயம் போயிடுச்சு" என்று புகார். முழங்கையில் நைந்து, காலரில் வெளுத்து, சட்டை ஏறக்குறைய வலையாகிவிட்டது. நான் என்றால் வாதாடியிருப்பேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லா உழைச்சிருக்கீங்க இந்தச் சட்டையில" என்றார். அந்தப் பெண்மணி அந்த எட்டு வருடமும் தான் என்ன வேலை பார்த்தேன் என்று சொல்ல ஆரம்பித்தார். மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேச்சு போனது. அவர் இன்று வந்திருக்கிறார். மூன்றாவது வரிசை. போட்டிருப்பது அதே சட்டையா என்று இங்கிருந்து தெரியவில்லை.

சரி. இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் சங்கம் முதல்தரக் கைவினைஞர்களைத் தேர்ந்தெடுத்துச் சான்றிதழ் கொடுப்பதாக அறிவித்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு துணியைக் கொண்டுவந்தோம். இந்த மண்டபத்தில் மேசையில் விரித்தார்கள். தேர்வுக் குழுத் தலைவர் அவர்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அளவு நாடாவோடு குனிந்தார். ஒவ்வொரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடையே அளந்தார். வலது பக்கம் முழுவதும் ஒரே இடைவெளி. இடது பக்கம், முதல் பதினான்கு பூ வரை ஒரே இடைவெளி. அதற்கப்புறம் நடுவை நோக்கி வரவர, ஒவ்வொன்றும் அரை நூல் அகன்றிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. நாடாவுக்குத் தெரியும்.

அவர் நிமிர்ந்து கேட்டார். "ஒரு கை சுத்தம். இன்னொரு கை கடைசியில தளர்ந்துபோகுது. இடது பக்கம் யாரு அடிச்சது?"

அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் என்ன சொல்லியிருக்கலாம்? இரண்டு பேரும் சேர்ந்து அடித்தது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம், அதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. நான் சொன்னேன்:

"அது அவங்க பக்கம்."

மூன்று சொற்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. குழுத் தலைவரைப் பார்த்து, "ஆமா சார், அது என் பக்கம்தான்" என்றார். ஏதோ அறுந்த பொத்தானைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். பதிவேட்டில் எழுதினார்கள்: இடது பக்கக் கை சீரில்லை. சான்றிதழ் எனக்கு மட்டும் வந்தது.

எனக்கு வெட்கமாக இருந்ததா? உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம்தான். அதைவிடப் பெருமை அதிகம் இருந்தது. பாவம், அக்காவுக்கு வயதாகிறது, கடைசி அச்சுகளில் கை ஓய்ந்துபோகிறது என்று வீட்டில் பரிதாபத்தோடு சொன்னேன். சான்றிதழைச் சட்டம் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது ஆணி அடித்தது யார்? அக்கா. மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்து, மறுபடி போய் அரை நூல் திருத்தினார். அன்றிலிருந்து எனக்கு ஒரு பட்டப்பெயர். "சுத்தக்கை வந்தாச்சா?" "சுத்தக்கைக்கு டீ ஊத்துங்க." நான் அதைக் கேலி என்று நினைத்தேன். பிறகு பாராட்டு என்று நினைத்தேன். மனிதனுக்கு எது வசதியோ அதைத்தானே நினைப்பான்?

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்குப் பல் வலி, மருத்துவரிடம் போயிருந்தேன். அக்கா தனியாகத் தன் பக்கத்து இருபத்தாறு அச்சையும் அடித்து முடித்துவிட்டு, தையல்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். "என் பக்கம் முடிச்சிட்டேன். சுத்தக்கை வந்து அவர் பக்கத்தை அடிக்கட்டும். நடுவுல பாத்துக்கலாம்."

மறுநாளும் பல் விடவில்லை. நான் போகவில்லை. வியாழக்கிழமை காலை, வீட்டில் செருப்பை மாட்டிக்கொண்டு இருக்கும்போது அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எல்லாம் நடந்து ஒரு வாரம் கழித்து நான் பட்டறைக்குப் போனேன். பாதித் துணி மேசையில் அப்படியே ஊசி குத்தியபடி இருந்தது. இடது பாதியில் கொடி. வலது பாதி வெள்ளை. அவர் கடைசியாக அடித்த துணி. இதில் மட்டும் ஒரு அரை நூல்கூடப் பிசகக் கூடாது என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக நேர் பார்க்க நூல் கட்டினேன். நாடா வைத்து, சாக்பீஸால் இருபத்தாறு கோடு போட்டேன். கோட்டில் அச்சை வைத்து, மறுபடி பார்த்து, மறுபடி நிமிர்த்தி, அப்புறம்தான் தட்டினேன். வழக்கமாக முக்கால் மணி நேர வேலை. அன்று காலையில் தொடங்கியவன் மதியம் மூன்று மணிக்குத் தூணுக்கு எதிரே வந்தேன். இருபத்தைந்து அச்சு ஆயிற்று. இருபத்தாறாவது அச்சைச் சாயத்தில் தொட்டுக் கையில் எடுத்தேன்.

வைக்க இடம் இல்லை.

முக்கால் அங்குலம், ஆறு நூல், குறைகிறது. வைத்தால் அக்காவின் கடைசிப் பூவின்மேல் ஏறும். கையில் அச்சோடு நிற்கிறேன். அப்போது என் மனதில் வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? ஐயோ பாவம், கடைசியில் அக்காவுக்குக் கை தள்ளிவிட்டது! அவர் போன பிறகும், அந்த நிமிடமும், அது அவங்க பக்கம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இயந்திரத்தில் குனிந்து ஏதோ தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். "அண்ணே, நாடா கையிலதானே இருக்கு? அலமாரியில பழைய துணி கிடக்கு. அதையும் அளந்து பாருங்க. பூவுக்குப் பூ அளக்காதீங்க. முனையில இருந்து நடு வரைக்கும் அளங்க."

அளந்தேன். ஒன்று, இரண்டு, ஏழு துணி அளந்தேன். ஏழிலும் என் பக்கம் நடு வரைக்கும் வரவே இல்லை. ஆறு நூல் முன்னாலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு அச்சையும் முந்தினதோடு மயிரிழை நெருக்கி வைக்கிறவன் நான். எல்லாவற்றையும் ஒரே மாதிரி நெருக்கி வைப்பதால் அது சீராகத் தெரிகிறது. இருபத்தாறு மயிரிழையும் சேர்ந்து நடுவில் முக்கால் அங்குலம் வெள்ளையாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? எதிரே வருகிறவர் தன்னுடைய கடைசிப் பன்னிரண்டு அச்சையும் ஒவ்வொன்றாக அரை நூல், அரை நூல், அரை நூல் தள்ளி வைத்து, நான் விட்ட இடத்தை நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறார்! ஒரு நாளா? ஒரு துணியா? பத்தொன்பது வருடம்!

தளர்ந்த கை என்று பதிவேட்டில் எழுதிய கை அதுதான்.

தையல்காரரிடம் கேட்டேன், உனக்கு எப்போது தெரியும் என்று. "வந்த மாசமே தெரியும். முன்பக்கம் ரெண்டையும் சேர்த்துப் பட்டன் வைக்கிறவனுக்குத் தெரியாதா?" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தைப்பதை நிறுத்தினார்.

"நான் சொல்லத்தான் போனேன். அக்காதான் வேணாம்னாங்க. 'சொன்னா அவன் அளந்து அளந்து அடிக்க ஆரம்பிச்சிடுவான். அவன் தட்டுற தட்டு இருக்கே, அது எனக்கு வராது. கொடி அப்படியே எந்திரிச்சு வரும். அந்தக் கையைக் கெடுத்துடாதீங்க. நடுவை நான் பாத்துக்கறேன்'னு சொன்னாங்க."

அந்த நேரத்தில் அக்காவின் மகள் மாடி ஏறி வந்தார். அம்மாவின் டிபன் பெட்டியை எடுத்துப் போக வந்தவர், மேசையருகே நின்று துணியை நீண்ட நேரம் பார்த்தார். நான் அச்சடித்த பாதியைச் சுட்டிக்காட்டி, "மாமா, இது உங்க கை மாதிரியே இல்லையே" என்றார். உண்மைதான். என் பாதி அளவாக இருந்தது. ஒவ்வொரு பூவும் வரிசையில் நின்றது. ஒன்றுகூட எழுந்து வரவில்லை. பிறகு அவர் நடுவில் இருந்த வெள்ளையைப் பார்த்தார், அக்காவின் கடைசிப் பன்னிரண்டு அச்சைப் பார்த்தார், என் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தார்.

"எப்பவும் போல அடிச்சிருந்தா சேர்ந்திருக்கும் மாமா."

நான் இல்லாத நாளில், நான் இன்னும் அடிக்காத பாதிக்கு, நான் செய்யப்போகும் தவறுக்கு அளவெடுத்து இடத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அந்தத் தவறைச் செய்யாததால்தான் அது சேரவில்லை. இதற்குமேல் இதைப் பற்றி எனக்குப் பேசத் தெரியவில்லை. எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

தேர்வுக் குழுத் தலைவர் அவர்களே! உங்கள் நாடா பொய் சொல்லவில்லை. நீங்கள் நேர்மையாக அளந்தீர்கள். பூவுக்கும் பூவுக்கும் இடையே அளந்தீர்கள், அதில் நான் ஜெயித்தேன். உங்கள் கேள்விக்குத் தவறான பதில் சொன்னவன் நான். அந்தச் சான்றிதழை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தப் பையில் இருக்கிறது. இதைத் திருப்பிக் கொடுப்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. கழற்றிய பிறகு சுவர் நன்றாகவே இருக்கிறது. எனக்கு வேண்டியது பதிவேட்டில் ஒரு வரி. இடது பக்கக் கை சீரில்லை என்று எழுதிய இடத்துக்குக் கீழே, வலது பக்கக் கை ஆறு நூல் குறைவு, இடது பக்கக் கை அதை ஈடு செய்தது என்று எழுதுங்கள். கையெழுத்து நான் போடுகிறேன். இன்றே போடுகிறேன்.

தலையசைக்கிறார். நன்றி ஐயா. எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? சாட்சிக்கு இத்தனை பேர் இருக்கிறீர்கள்.

நண்பர்களே! இனி பட்டறை என்ன ஆகும் என்று பலர் கேட்டீர்கள். வாசலிலேயே கேட்டீர்கள், மாலை போடும்போது கேட்டீர்கள். மூடப்போவதில்லை. இந்தத் துணி, நடுவில் வெள்ளையோடு, அப்படியே மேசைக்கு எதிர்ச் சுவரில், சான்றிதழ் இருந்த ஆணியில் தொங்கும். அதைத் தையல்காரர் வெட்ட மாட்டார். மற்றபடி வேலை நடக்கும். சாயம் வரும், துணி வரும், கீழே டயருக்குக் காற்று அடிப்பார்கள், மேலே நாங்கள் தட்டுவோம்.

அக்காவின் மகள் அடுத்த வாரத்திலிருந்து அச்சடிக்க வருகிறார். ஓவியம் படித்தவர் இல்லை, ஆனால் நேற்று ஒரு பழைய துணியில் தட்டிப் பார்த்தார். கொடி எழுந்து வந்தது. இருபத்தாறு அச்சில் முக்கால் விரல் குறைந்தும் போயிற்று. நான் பார்த்தேன். சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. அக்கா அளவுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு இன்னும் வரவில்லை. மகளே, நீ கேட்டதை மறந்துவிடு. கோடு போடாதே. நாடாவைத் தொடாதே. உனக்கு எப்படித் தட்ட வருகிறதோ அப்படித் தட்டிக்கொண்டு வா.

பத்தொன்பது வருடம் நின்ற வலது முனையை அவருக்குக் கொடுக்கிறேன். நான் இடது முனைக்குப் போகிறேன். அரைநூல் அக்கா நின்ற இடத்தில் நின்று, நடுவை நெருங்கும்போது, எதிரே இருக்கும் குறையைப் பார்த்து, அரை நூல் அரை நூலாகத் தள்ளக் கற்றுக்கொள்ளப்போகிறேன். இந்த வயதில் வருமா? தெரியாது. நடுவில் பார்த்துக்கொள்ளலாம்.

என்றாவது ஒரு நாள், இதே மண்டபத்தில் அந்தத் துணியை விரிப்பார்கள். யாராவது நாடாவோடு குனிவார்கள். ஒரு கை சுத்தம், இன்னொரு கை தளர்ந்துபோகிறது, இடது பக்கம் யாருடையது என்று கேட்பார்கள்.

நான் அப்போது அங்கே நிற்பேன். ஆமா சார், அது என் பக்கம்தான் என்று சொல்வேன்.